றிம் செபமாலை

கொட்டாஞ்சேனை
6.1.1957

அன்புள்ள ஜோசப்பின் அக்காவுக்கு,

தம்பி றோலண்ட் எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே நான் சுகம். நீங்களும் அத்தானும் ரீத்தம்மாவும் நோர்வூட்டில் சுகமாயிருக்க வேண்டுமென்று புதுவருடப் பூசையில் கேட்டுக்கொண்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வரக் கந்தோரில் லீவு தரவில்லை. கோபிக்க வேண்டாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நம்ம ஊர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர் கொச்சிக்கடையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடுவோம். பேச்சு முழுக்க நம்ம கூடைப்பந்து அணிதான். அணிக்கு இந்த வருடம் பத்து வயது அல்லவா. இத்தனை காலத்தில் விசில் ஊதுகிற நேரத்தில் எறிந்த எறிகளில் மறக்க முடியாதது எது என்று சண்டை. கந்தப்பன் வட்டவளை அணிக்கு எதிராக நடு மைதானத்திலிருந்து எறிந்ததுதான் என்று கணேசமூர்த்தி மேசையைத் தட்டுகிறான். அது எறியே இல்லை, சேற்றில் வழுக்கி விழுந்தபோது கையை விட்டுப் போன பந்து என்கிறேன் நான். பத்திநாதன் மழையில் இடது கையால் போட்டதுக்குத்தான் என் வாக்கு. வலது கைச் சட்டையை எதிராளி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், அப்படியும் போட்டான்.

எவ்வளவு சண்டை போட்டாலும் கடைசியில் பேச்சு நம்ம அத்தானிடம்தான் வந்து நிற்கும். கண்டி அணியோடு இறுதி ஆட்டம், புள்ளி சமம், நேரம் முடிந்தாயிற்று, அத்தானுக்கு மட்டும் ஒரு எறி பாக்கி. எதிரே நின்று தடுக்க ஒருவரும் இல்லை. பந்து கூடையின் இரும்பு வளையத்தில், அந்த றிம்மில், ஏறிச் சுற்றோ சுற்றென்று சுற்றி வெளியே விழுந்து, கூடுதல் நேரத்தில் கோப்பையும் போனதே, அதை யாராவது நடித்துக் காட்டினால் கடையே சிரிக்கிறது. 'றிம் செபமாலை' என் சொந்த அத்தான் என்று தெரிந்ததும் கடைக்காரர்கூட என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பந்து எத்தனை சுற்றுச் சுற்றியது என்று அத்தானிடம் கேட்டு எழுதுங்கள். இங்கே பந்தயமே நடக்கிறது.

ரீத்தம்மாவுக்கு முத்தம்.

அன்புத் தம்பி
றோலண்ட்


நோர்வூட்
2.2.1957

தம்பி றோலண்டுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். ரீத்தாவுக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. கொழும்பு வெயிலுக்கு நீ மோர் குடி. கடைச் சாப்பாட்டைக் குறை.

நீ கேட்டதை அத்தானிடம் கேட்கவில்லை. விடியவே பஸ்ஸுக்குப் போகிறார், இருட்டித்தான் வருகிறார். போன வாரம் ஹட்டனுக்குப் போக நானும் அவர் கண்டக்டராக இருக்கிற பஸ்ஸிலேயே ஏறினேன். சிலர் காசை அவர் கையில் கொடுப்பதில்லை. தோளில் தொங்குகிற காசுப்பைக்குள் விழாமல் பக்கத்தில் விழுகிற மாதிரித் தூக்கிப் போடுகிறார்கள். "றிம்மு, விழலியே" என்கிறார்கள். அவர் குனிந்து பொறுக்கிக்கொள்கிறார். நான் பின் சீட்டில் இருந்தேன். நான் இருப்பது அவருக்குத் தெரியும். இறங்குமட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

ரீத்தாவைப் பள்ளிக்கூடத்தில் றிம் மகள் என்கிறார்களாம். அது என்ன என்று அவள் அவரிடமே கேட்டாள்.

அன்றைக்கு அவருக்கு ஒரு எறி இல்லை தம்பி, இரண்டு எறி. ஒரு புள்ளி பின்னால் நின்றோம். அவர் முதலாவதைப் போட்டதால்தான் சமமாயிற்று. நீதானே கரும்பலகையில் புள்ளி எழுதிக்கொண்டு நின்றாய்.

அந்தப் பேச்சு எடுக்கும்போது நீ எழுந்து வந்துவிடலாமே.

உன் அக்கா
ஜோசப்பின்


கொட்டாஞ்சேனை
17.2.1957

அன்பு நண்பன் பத்திநாதனுக்கு,

நலம். நீயும் நலமாக இருந்து அணிச் செயலாளர் பதவியில் இன்னும் கொழுத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

பத்தாம் ஆண்டு விழாவைப் பாஸ்கு ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை வைப்பதாகக் கேள்விப்பட்டேன். பேச்சும் பாட்டுமாக வைத்தால் சனம் பாதியில் எழுந்து போகும். ஒரு யோசனை சொல்கிறேன். மறக்க முடியாத எறி எது என்று ரசிகர்களிடம் வாக்கு எடு. கொழும்புப் பையன்களின் வாக்கை நான் அனுப்புகிறேன். ஜெயித்தவன் மேடையில் மாலை வாங்கட்டும்.

அதற்குப் பிறகு கடைசி நிகழ்ச்சியாக எங்கள் அத்தானைக் கூப்பிடு. அதே கோட்டில் நிறுத்தி, அதே எறியை எறியச் சொல். நாலு வருடம் கழித்து றிம் செபமாலை மறுபடியும் எறிகிறார் என்று நோட்டீஸ் ஒட்டினால் பொகவந்தலாவையிலிருந்துகூட வருவார்கள். அக்காவிடம் கௌரவிக்கிறோம் என்று சொல். பொய்யும் இல்லையே, விளையாட்டுத்தானே.

இப்படிக்கு
றோலண்ட்


நோர்வூட்
10.3.1957

அன்புள்ள றோலண்டுக்கு,

உன் கடிதம் கண்டேன். இங்கே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எனக்கு மூட்டுவலி மட்டும்தான் குறை.

உன் யோசனைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். நோட்டீஸ் ஒட்டியாயிற்று. செபமாலை அண்ணனை வீட்டிலேயே போய் அழைத்தேன். "என்னையா, நெசமாவா" என்று இரண்டு தரம் கேட்டார். உன் அக்காதான் முகம் கொடுக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல். அந்த மனுஷன் இப்போது விடியற்காலையில் பஸ்ஸுக்கு முந்தி வந்து மைதானத்தில் எறிந்து பழகுகிறார். நானே பார்த்தேன். பத்துக்கு எட்டு விழுகிறது. விழாவன்றும் விழுந்துவிட்டால் என்ன வேடிக்கை இருக்கிறது? கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கந்தப்பன் ஒரு வழி சொல்கிறான். அந்த நிகழ்ச்சிக்குச் சற்று முந்தி வளையத்தின் வாய்க்குக் குறுக்கே மெல்லிய கறுப்புக் கம்பி இரண்டைக் கட்டிவிடலாம் என்கிறான். கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. என்ன எறிந்தாலும் பந்து வெளியேதான். உன் அத்தான் என்பதால் உன் சொல் இல்லாமல் செய்ய மாட்டோம். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம். பதில் போடு.

அன்பன்
பத்திநாதன்


நோர்வூட்
31.3.1957

தம்பி றோலண்டுக்கு,

சுகம். உன் சுகம் அறிய எழுதுகிறேன்.

அத்தானை விழாவில் கௌரவிக்கப் போவதாகப் பத்திநாதன் வந்து சொன்னான். யோசனை உன்னுடையது என்றும் சொன்னான். அன்று தொடங்கி அத்தான் வேறு ஆளாக இருக்கிறார். கலியாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். ரீத்தாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார். அவள் பந்தை எடுத்துக் கொடுக்கிறாள். வரும்போது இருவரும் பாடிக்கொண்டு வருகிறார்கள். இந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. நோட்டீஸில் அவர் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். "பட்டப்பேர் போட்டா என்னா, தம்பி ஏற்பாடு பண்ணினது" என்கிறார்.

அம்மா அப்பா போன பிறகு உன்னை நாங்கள் இருவரும்தான் வளர்த்தோம். அந்த உரிமையில் கேட்கிறேன். இதில் கேலி எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுது. எழுதினால் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் ரீத்தாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவரை நிறுத்திக்கொள்வேன். அதற்கும் எனக்கு வழி தெரியும்.

அக்கா
ஜோசப்பின்


கொட்டாஞ்சேனை
7.4.1957

நண்பன் பத்திநாதனுக்கு,

நலம், நலமே விளைக. கந்தப்பனுக்கு இருக்கிற மூளைக்கு அவன் அணியில் விளையாடியிருக்கவே கூடாது, மந்திரியாக வந்திருக்க வேண்டும். கடையில் சொன்னதும் கணேசமூர்த்தி தேத்தண்ணியைத் துப்பிவிட்டான்.

கட்டுங்கள். இரண்டு மூன்று எறிக்குப் பிறகு கம்பியை அவிழ்த்து அத்தானிடம் காட்டிவிடுங்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். என் சொல் கேட்டாய் அல்லவா, இதுதான்.

எனக்கு லீவு இல்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

றோலண்ட்


கொட்டாஞ்சேனை
7.4.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தவசு காலத்தில் எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். என் சொந்த அத்தானை நான் கேலிக்கு விடுவேனா? கேலி எதுவும் இல்லை. எல்லாம் அவரைப் பெருமைப்படுத்தத்தான். தைரியமாக அனுப்புங்கள். நீங்களும் ரீத்தம்மாவும் முன் வரிசையில் உட்காருங்கள். பத்திநாதனிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தம்பி
றோலண்ட்


நோர்வூட்
25.4.1957

அன்புள்ள றோலண்டுக்கு,

பாஸ்கு வாழ்த்துக்கள். விழா முடிந்து இன்றைக்குத்தான் தொண்டை திரும்பியது.

மறக்க முடியாத எறி என்னுடையதுதான் என்று முடிவாயிற்று. வாக்குகளை எண்ணியவனும் நானே என்பதால் கந்தப்பன் குதித்தான். "மழையில போட்டா பெருசா? நான் பாதி மைதானம் தாண்டிப் போட்டேன்" என்றான். வட்டவளைக்காரர்கள் வேறு, கந்தப்பனுடையது கோட்டுக்கு வெளியே நின்று எறிந்த எறி என்று கிளப்பிவிட்டார்கள். இரண்டு கட்சியும் பெஞ்சுகளைத் தூக்கிவிட்டது. மாலையை வாங்கிக் கழுத்தில் போடுவதற்குள் பாதிப் பூ உதிர்ந்தது.

நல்ல வேளை, அப்போது உன் அத்தானைக் கூப்பிட்டோம். கோட்டும் சூட்டுமாக வந்து கும்பிட்டார். சனம் எழுந்து நின்று கத்தியது. கோட்டைக் கழற்றி உன் அக்கா மடியில் வைத்துவிட்டுப் போய் நின்றார். எறிந்தார். நேராகத்தான் போனது. டங்கென்று மேலே எழும்பி வெளியே வந்தது. எல்லோரும் "றிம், றிம்" என்று ஒரே குரலில் கத்த, இன்னொன்று எறிந்தார். அதுவும் வெளியே. மூன்றாவதற்குப் பிறகு அவிழ்க்கச் சொன்னாய் என்று கந்தப்பனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். சனமும் விடவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மனுஷனும் எறிந்துகொண்டே இருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

பந்து பொறுக்கிக் கொடுக்கப் போன ரீத்தா வளையத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள், "அப்பா, மேல கம்பி கட்டியிருக்காங்க" என்றாள். உன் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "இல்லம்மா, அப்பாவுக்குத்தான் வரல, பந்தக் குடு" என்று வாங்கி மறுபடியும் எறிந்தார். அவரும் சிரித்தார். என்ன பெருந்தன்மை பார். கோயில் சுவாமியார் மட்டும் பாதியில் எழுந்து உள்ளே போனார், தலைவலி போலிருக்கிறது.

அதற்குப் பிறகு கந்தப்பன் கட்சி, என் கட்சி என்று ஒன்றும் இல்லை. எல்லோரும் தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அன்பன்
பத்திநாதன்


கொட்டாஞ்சேனை
12.5.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அத்தானும் நீங்களும் ரீத்தம்மாவும் எப்படி?

விழா சிறப்பாக நடந்ததாகப் பத்திநாதன் எழுதினான். அத்தான் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாராமே. பையன்கள் ஏதோ சின்னக் குறும்பு செய்ததாகவும் கேள்வி. பெரிதாக எடுக்க வேண்டாம். உங்களிடமிருந்து கடிதம் காணவில்லையே என்று எழுதுகிறேன்.

தம்பி
றோலண்ட்


கொட்டாஞ்சேனை
18.8.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாதா திருநாளுக்கு உங்கள் மூவர் பெயரிலும் மெழுகுதிரி ஏற்றினேன். வைகாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று எழுதினேன். ரீத்தம்மாவுக்குச் சட்டைத்துணி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. விலாசம் மாறிவிட்டதோ தெரியவில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் கையில் சேர்க்கும்படி பத்திநாதனுக்கு அனுப்புகிறேன்.

எனக்குப் பெண் பார்த்திருக்கிறது. பெயர் பிலோமினா. தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை. நல்ல குடும்பம். தை மாதம் கலியாணம். கோயிலில் பையன் பக்கத்தில் தாய் தகப்பன் இடத்தில் யார் நிற்பார்கள் என்று கேட்டார்கள். என்னை வளர்த்த அக்காவும் அத்தானும் என்றேன். நீங்கள் வராவிட்டால் எனக்கென்று அந்த இடத்தில் நிற்க ஒருவரும் இல்லை. அவர்களுக்கும் அது குறையாகப் படும்.

வருவீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் அக்கா.

உங்கள் தம்பி
றோலண்ட்


நோர்வூட்
8.9.1957

அன்புள்ள றோலண்டுக்கு,

நலம். உன் அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கதவை முழுதாகத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். இப்போது கடைத்தெரு வீட்டில் இல்லை. மேலே தேயிலைத் தோட்டத்தில் செபமாலை அண்ணனுடைய அண்ணன் இருக்கிற தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில் இருக்கிறார்கள். உன் அக்கா பேர் பதிந்து கொழுந்தெடுக்கிறார். உன் அத்தானுக்கு மண்வெட்டி வேலை.

பஸ் வேலை போய்விட்டது, போகவில்லை, அவரே விட்டுவிட்டார். ஆடி மாதம் ஒரு நாள் அவர் நோர்வூட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது எவனோ அவருடைய காசுப்பை வாயில் கம்பியைக் குறுக்கே கட்டி வைத்துவிட்டான். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பார்த்தாராம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. பையைக் கழற்றி டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வளைவில் இறங்கி மழையோடு நடந்துவிட்டார். கம்பி கட்டினவன் நம்ம ஆள் இல்லை, சத்தியம். எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள்.

இப்போது யாரோடும் பேச்சு இல்லை. விளையாட்டை விளையாட்டாக எடுக்கத் தெரிய வேண்டும். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

கலியாணத்துக்கு என்னையும் கூப்பிடு.

பத்திநாதன்


தோட்டத்து லயம், நோர்வூட்
1.12.1957

றோலண்டுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. சட்டைத்துணியும் கிடைத்தது. அதைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று விழா முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது ரீத்தா அவர் தோளில் தூங்கிவிட்டாள். அப்போது சொன்னார், "மொதோ எறியிலயே கம்பியப் பாத்துட்டேன்" என்று. அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை என்றேன். "நிறுத்தினா, கம்பி இல்லாட்டியும் விழுந்திருக்காதுன்னுதான சொல்லுவாங்க" என்றார். கொஞ்ச தூரம் போய், "பாவம், தம்பியையும் சேத்து ஏமாத்திட்டாங்க. அவனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான். நீ எழுதாத" என்றார்.

நானும் அதை நம்பித்தான் மறுநாள் பத்திநாதனிடம் சண்டைக்குப் போனேன். "உங்க தம்பி சரின்னு எழுதினப்புறம்தாங்க கட்டினோம்" என்றான். ஒளிக்கவில்லை. நான் ஏன் கேட்கிறேன் என்பதே அவனுக்கு விளங்கவில்லை.

கேலி இல்லை என்று நீ எழுதிய வரியை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான்தான் அந்தக் கோட்டுக்குப் பொத்தான் தைத்தேன். முன் வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. கேட்டறிந்தாய்.

நீ செய்தது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கின நாள் தொடங்கி, வேலை நேரம் போக, இந்தக் காம்பராவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கப் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறந்து பதில் சொல்வதில்லை, கையைத் தூக்குவார். சிரிப்பார்கள் என்று பயம். ஒரு நாள் ரீத்தா பந்து என்று ஏதோ சொல்ல, அவளை அடித்துவிட்டார். பிறந்ததிலிருந்து அவள் மேல் கை பட்டதில்லை. அதற்குப் பிறகு அவள் அவர் பக்கத்தில் படுப்பதில்லை.

உன் கலியாணச் செய்தியை வாசித்தபோதுதான் எழுந்து உட்கார்ந்தார். "தகப்பன் எடத்துல நான்தான நிக்கணும்" என்றார். லயம் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கோட்டை மறுபடியும் வெயிலில் போட்டிருக்கிறார். ஊரில் தன்னைப் பார்த்துச் சிரிக்காதவன் நீ ஒருவன்தான் என்று அவருக்கு நினைப்பு. நேற்றுக்கூட அதைச் சொன்னார்.

அதனால் அவர் வருவார். கலியாணத்துக்கு முந்தின நாள் ரயிலில் அனுப்புகிறேன். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு நீயே வா, அவருக்கு அங்கே பழக்கமில்லை. உன் தேத்தண்ணிக்கடைச் சிநேகிதர்கள் யாரும் கோயிலுக்கு வரக் கூடாது. பத்திநாதனுக்கு அழைப்பு அனுப்பாதே. நானும் ரீத்தாவும் வரவில்லை. பெண் வீட்டார் கேட்டால் எனக்குச் சுகமில்லை என்று சொல். பொய் சொல்ல உனக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை.

அவரைக் கண்டதும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க உனக்குத் தோன்றும். கேட்காதே. கேட்டால் உனக்கு லேசாகிவிடும், அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். கையெல்லாம் இப்போது காய்ப்பு. குனிந்து வாங்கிக்கொள். அதோடு முடியாது. இனி ஒவ்வொரு நத்தாருக்கும் பாஸ்குக்கும் உன்னைப் பார்க்கப் புறப்படுவார், நான் தடுக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் அத்தான் வாங்க என்று சிரித்துக் கதவைத் திற.

ஜோசப்பின்